பட்டாளத்துக்குப் போகும் வாழ்த்து அட்டை: எழுதுவதும் அனுப்புவதும்

பள்ளிகளில் இந்த வேலை பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்கும். சார்ட் வாங்கி, வெட்டி, வரைந்து, நாற்பது அட்டையும் மேசையில் குவிந்த பிறகுதான் "சரி, இதை யாருக்கு அனுப்புவது?" என்ற கேள்வி வரும். அதற்குள் பொங்கல் வந்துவிடும். ஆகவே முகவரியிலிருந்து தொடங்குவோம்.

"எல்லையில் உள்ள ராணுவ வீரர்" என்று கவரின் மேல் எழுதித் தபால்பெட்டியில் போட்டால் அது யாருக்கும் போய்ச் சேராது. இந்திய ராணுவத்தின் தபால் ஊரை வைத்துப் பிரிக்கப்படுவதில்லை, யூனிட்டை, அதாவது படைப்பிரிவை, வைத்துப் பிரிக்கப்படுகிறது. நம் ஊர்ப் பின்கோடு 6-ல் தொடங்குவதுபோல ராணுவத் தபாலின் பின்கோடு 9-ல் தொடங்கும். அப்படிப்பட்ட கடிதம் முதலில் ராணுவத் தபால் படையின் இரண்டு மைய நிலையங்களில் ஒன்றுக்குப் போகும். டெல்லியில் இருப்பது 56 ஏபிஓ (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்), கொல்கத்தாவில் இருப்பது 99 ஏபிஓ. யூனிட் இன்று எந்த மலையில் இருக்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியவேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டின் நோக்கமே அதுதான்.

எனவே முகவரியில் வரவேண்டியவை: படை எண், பதவி, பெயர், கம்பெனி, பட்டாலியன், 9-ல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு, அதன்கீழ் "கேர் ஆஃப் 56 ஏபிஓ" அல்லது "99 ஏபிஓ". இவ்வளவுதான். உதவி செய்வதாக நினைத்து "லடாக்" என்றோ "குப்வாரா" என்றோ சேர்க்காதீர்கள். கடிதம் பொதுத் தபாலின் பாதையில் திரும்பி அலையக்கூடும். போதாததற்கு, யூனிட் எங்கே இருக்கிறது என்பதைக் கவர்மேல் எழுதி ஊர் ஊராக அனுப்பியதாகவும் ஆகும். முகவரியை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். டெல்லியில் பிரிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. உள்ளே எந்த மொழியில் எழுதினாலும் சரி.

தனியார் கூரியர் ஏபிஓ முகவரிக்குப் போகாது. அஞ்சலகம் ஒன்றே வழி. கடற்படைக் கப்பல் என்றால் கப்பலின் பெயரோடு மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் உள்ள ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாகப் போகும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பாகிஸ்தான், வங்கதேச எல்லைகளில் சாதாரண நாட்களில் பெரும்பாலும் காவல் நிற்பது பிஎஸ்எஃப் (எல்லைப் பாதுகாப்புப் படை), சீன எல்லையில் ஐடிபிபி (இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை). இவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை, ராணுவம் அல்ல. அவர்களுக்குப் போகும் அட்டையில் "இந்திய ராணுவத்துக்கு நன்றி" என்று எழுதினால் படிப்பவர் சிரித்துவிட்டுப் போவார், அல்லது சிரிக்கமாட்டார்.

தெரிந்த வீரர் யாரும் இல்லையென்றால் மூன்று வழிகள் உண்டு. பள்ளியிலோ கல்லூரியிலோ என்சிசி இருந்தால் அதன் பொறுப்பு ஆசிரியர் வழியாகக் கேட்கலாம். மாவட்டத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். ஊரில் ஓய்வுபெற்ற மிலிட்டரிக்காரர் ஒருவராவது இருப்பார். அவருடைய பழைய பட்டாலியனுக்கு அவர் கையாலேயே ஒரு கடிதம் எழுதச் சொல்லிக் கேட்பதுதான் மூன்றிலும் நல்ல வழி. எதுவானாலும், அட்டை செய்யத் தொடங்கும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை அட்டை வேண்டும், எந்த மொழிக்காரர்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும்.

தேதி

தமிழ்நாட்டிலிருந்து அனுப்புபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ராணுவ தினம் ஜனவரி 15. பொங்கலும் அதை ஒட்டியே வரும். பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்பும் பழக்கம் நம்மிடம் ஏறக்குறைய செத்துவிட்டது, அதை இதற்காக உயிர்ப்பிக்கலாம். டிசம்பர் 7 கொடிநாள், டிசம்பர் 4 கடற்படை தினம், அக்டோபர் 8 விமானப்படை தினம், ஜூலை 26 கார்கில் வெற்றி தினம். ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும்தான் எல்லோரும் அனுப்புவார்கள். ஒன்றுமே இல்லாத மார்ச் மாதத்தில் வரும் அட்டைக்குக் கூடுதல் மதிப்பு.

சமவெளியில் இருக்கும் யூனிட் என்றால் மூன்று வாரம் முன்னதாக அனுப்புங்கள். மேலே, பனிக்காலத்தில், கணக்கே வேறு. ஜோஜி லா கணவாய் மூடினால் ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலை நின்றுவிடும். சியாச்சினில் ஹெலிகாப்டர் ஏறும் பொருட்களில் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் பிறகுதான் உங்கள் அட்டை. பொங்கலுக்கு என்றால் நவம்பர் கடைசியிலேயே அனுப்பிவிடுவது நல்லது.

காகிதமும் பேனாவும்

200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஏ4 அட்டைத்தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டரில் கைக்கு அடக்கமான அட்டை கிடைக்கும். எடை 6 கிராம் சொச்சம். நாற்பது பேருக்கு இருபது தாள், கெடுவதற்கு நான்கு தாள் கூடுதலாக வாங்கினால் போதும். 300 ஜிஎஸ்எம் ஏ4 தாளை முழுதாக மடித்தால் அட்டை மட்டுமே கிட்டத்தட்ட 19 கிராம். கவரும் சேர்ந்தால் 20 கிராம் தபால் வரம்பைத் தாண்டி, ஒட்டிய ஸ்டாம்ப் போதாமல் போகும். கனமான தாள் மடிப்பில் வெடிக்கவும் செய்யும். மடிக்கும் கோட்டில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்துபோன ரீஃபிலால் ஒருமுறை அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் வெடிக்காது.

எழுத சாதாரண பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனாவும் ஸ்கெட்ச் பேனாவும் ஈரத்தில் ஊறிப் பரவும். அஸ்ஸாம் பக்கம் மழைக்காலத்தில் போகும் பையில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். படத்துக்குக் கலர் பென்சில் நல்லது. மெழுகு கிரேயான் மே மாத வெயிலில் உருகி அடுத்த அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பசை வைத்து ஒட்டியது எதுவாக இருந்தாலும் ஒருநாள் முழுதும் காயவிட்டுப் பிறகு அடுக்குங்கள்.

ஜிகினா வேண்டவே வேண்டாம். பையைத் திறப்பவர் கையிலும் சட்டையிலும் படுக்கையிலும் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் போகாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குப் போனால் அதைவிட மோசம். ஸ்டேப்ளர் பின், குண்டூசி, கண்ணாடி வைத்த அலங்காரம் எதுவும் கூடாது. அடுத்து வருவது நம் ஊருக்கே உரிய தவறு: அன்போடு வைக்கும் திருநீறு, குங்குமப் பொட்டலம். தபாலில் வரும் பொடி எதுவானாலும் சோதிப்பவர் கண்ணுக்கு அது வெறும் பொடிதான். ஒரு பொட்டலத்தால் பெட்டி முழுவதும் நிறுத்திவைக்கப்படலாம். மிட்டாய் வைத்தால் எறும்பும் கூடவே பயணம் செய்யும்.

என்ன எழுதுவது

நாற்பது பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து "வீரருக்கு எழுதுங்கள்" என்றால் முப்பத்தைந்து பேர் இதை எழுதுவார்கள்: "நீங்கள் கண்விழித்துக் காவல் காப்பதால்தான் நாங்கள் நிம்மதியாக உறங்குகிறோம்." சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒரே பெட்டியில் அதே வரியை முப்பத்தைந்து முறை படிப்பவரை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் மாதிரிக் கடிதம் எழுதிப்போடுவதால் வரும் வினை இது. மாதிரியை எழுதாதீர்கள். கேள்விகளை எழுதுங்கள். இன்று பள்ளிக்கு வரும் வழியில் என்ன பார்த்தாய்? உங்கள் தெருவில் இப்போது என்ன பூ, என்ன காய் விற்கிறது? எந்தப் பாடம் வரவில்லை? வீட்டில் யார் நன்றாகச் சமைப்பார்? பதில்களில் இரண்டை எடுத்துக் கோத்தாலே அட்டை முக்கால்வாசி முடிந்துவிடும்.

இப்படி ஒன்று:

"வணக்கம். நான் ஏழாம் வகுப்பு, மானாமதுரை. இன்றைக்கு வைகையில் தண்ணீர் வந்தது. டிரைவர் அண்ணன் பாலத்தில் பஸ்ஸை மெதுவாக ஓட்டினார், எல்லோரும் ஒரே பக்கம் வந்து எட்டிப் பார்த்தோம். முதல் பீரியட் கணக்கு என்பதால் லேட்டானது எனக்குச் சந்தோஷம்தான். அத்தை வீட்டில் ஒரு வாரம் இருந்ததற்கே நான் அழுதுவிட்டேன். நீங்கள் வீட்டைவிட்டு மாதக்கணக்கில் இருக்கிறீர்கள். அதற்கு நன்றி. பதில் எழுத நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை."

நன்றி சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். பிள்ளை தன்னால் முடியாத ஒன்றை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து நன்றிக்கு வருகிறது. அதனால் அது முகஸ்துதியாக ஒலிக்கவில்லை. கடைசி வரியும் தேவை. பதில் எதிர்பார்க்கும் நாற்பது பிள்ளைகள் என்பது படிப்பவருக்கு ஒரு பாரம். ஆறிலிருந்து எட்டு வாக்கியம் போதும். முதலில் ரஃப் நோட்டில் எழுதவையுங்கள். நேராக அட்டையில் எழுதினால் பாதியில் அடித்தல் வரும், பிள்ளை அழும், தாள் தீரும்.

எப்படி விளிப்பது? "அன்புள்ள வீரருக்கு" என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். "அண்ணா, அக்கா" என்பதும் சரி. "மாமா" என்பதை யோசித்து எழுதுங்கள். அக்னிவீரராகச் சேரும் வயதே பதினேழரையிலிருந்து தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் "மாமா" என்று எழுதிய அட்டை அவரைவிட ஒரு வயது மூத்தவர் கையில் கிடைக்கலாம். எல்லோரும் துப்பாக்கியோடு பனியில் நிற்பவர்கள் என்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். லங்கரில் (பட்டாளச் சமையற்கூடத்தில்) சப்பாத்தி போடுபவர், லாரி ஓட்டுபவர், வயர்லெஸ் பார்ப்பவர், நர்சிங் உதவியாளர் எல்லோரும் பட்டாளம்தான். "நீங்கள் செய்யும் வேலைக்கு" என்று எழுதினால் எல்லோரையும் தொடும்.

எழுதக்கூடாதவற்றில் முதலிடம் சாவுக்கு. "வீரமரணம்", "உயிர்த்தியாகம்", "ரத்தம் சிந்தி" எல்லாம் பேச்சுப்போட்டியிலிருந்து வழிந்து வருபவை. உயிரோடு இருப்பவருக்கு, அதுவும் போன மாதம் கூட இருந்தவரை இழந்திருக்கக்கூடியவருக்கு, அவற்றை எழுதி அனுப்புவது வாழ்த்து ஆகாது. "எதிரிகளைக் கொன்று குவியுங்கள்" என்பதும் அப்படியே. "ஐயோ பாவம், குளிரில் கஷ்டப்படுகிறீர்கள்" என்ற இரக்கமும் வேண்டாம். "சீக்கிரம் லீவில் வாருங்கள்" என்பது கேட்க இனிமைதான், லீவு தள்ளிப்போனவருக்குக் குத்தும். கட்சி, சாதி, மதம் வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

கேட்கக்கூடாதவை: எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர், எப்போது மாறுவீர்கள். பிள்ளையின் முழுப்பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், இன்ஸ்டாகிராம் ஐடி எதுவும் அட்டையில் வரக்கூடாது. பெயர், வகுப்பு, ஊர் போதும். 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களிடம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. ஐடி கொடுப்பது அவரையும் சங்கடத்தில் மாட்டும்.

சொந்த ஊர்க்காரருக்கு எழுதுவதானால் தயங்காமல் ஊர்க்கதை எழுதுங்கள். திருவிழாவுக்கு எந்த ஊர் நாதஸ்வரம், பேருந்து நிறுத்தம் எங்கே மாறியது, யார் வீட்டில் மாடி எடுத்தார்கள். வீட்டுச் சண்டையை மட்டும் விட்டுவிடுங்கள். அவரால் அங்கிருந்து எதுவும் செய்யமுடியாது.

மொழியும் படமும்

மதராஸ் ரெஜிமென்ட்டில் தமிழ் படிப்பவர்கள் நிறைய இருப்பார்கள். அதன் போர்முழக்கமே "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு". பெங்களூரில் மையம் கொண்ட மதராஸ் சாப்பர்களை, அதாவது ராணுவப் பொறியாளர் பிரிவினரை, பட்டாளமே "தம்பிகள்" என்றுதான் அழைக்கும். அங்கே தமிழிலேயே எழுதலாம். கூர்க்கா, குமாவ் பட்டாலியன் என்றால் தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு வரி சுருக்கம் தாருங்கள். தமிழை எடுத்துவிடாதீர்கள். புரியாத எழுத்தில் தனக்காக ஒருவர் எழுதியிருப்பதைப் பார்ப்பதற்கும் ஒரு ருசி உண்டு, பக்கத்தில் இருக்கும் தமிழரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள்.

படத்தில்தான் அபத்தங்கள் நடக்கும். இணையத்தில் "சோல்ஜர்" என்று தேடி எடுத்த படம் அமெரிக்க வீரராக இருக்கும். இந்திய ராணுவ சல்யூட்டில் உள்ளங்கை முன்னால் பார்க்கும், கடற்படையில் கீழே பார்க்கும். கொடியில் காவி மேலே, சக்கரத்தில் 24 ஆரம். வரைபடம் அதைவிட ஆபத்து: காஷ்மீரின் தலையையோ அருணாச்சலத்தையோ வெட்டிய படத்தைப் பார்த்து வரைந்து, அதே இடத்தில் நிற்பவருக்கு அனுப்புவார்கள். வரைபடத்தை விட்டுவிட்டு பனைமரம், ஊர்க் கோயில் தேர், பொங்கல் பானை வரையட்டும். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு யானை வரையலாம், அவர்கள் தொப்பிச் சின்னத்திலேயே யானை இருக்கிறது.

கட்டி அனுப்புவது

அடுக்கும் முன் பெரியவர் இருவர் ஒவ்வொரு அட்டையையும் முழுதாகப் படிக்கவேண்டும். நாற்பதுக்கு அரைமணி நேரம் ஆகும். கவர்களை ஒட்டாதீர்கள், அங்கேயும் ஒருவர் பார்ப்பார், ஒட்டியிருந்தால் கிழிப்பார். வெற்று அட்டையையும் "நன்றி" என்று ஒரே சொல் எழுதியதையும் எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையைத் திரும்ப உட்காரவையுங்கள். நிறுவனங்கள் அனுப்பும்போது லோகோவை அட்டையின் முன்பக்கம் அச்சிடும் ஆசை வரும். அது விளம்பர நோட்டீஸ் ஆகிவிடும்.

நாற்பது அட்டையும் கவரும் சேர்ந்து 400 கிராமுக்குள் அடங்கும். பிளாஸ்டிக் பையில் சுற்றி, பிறகு அட்டைப்பெட்டியில் வையுங்கள். மேலே ஒரு தாளில் பள்ளியின் பெயர், பொறுப்பாசிரியர், அட்டைகளின் எண்ணிக்கை, மொழி. பதில் வருவதானால் பள்ளி முகவரிக்கே வரட்டும். பெட்டியைப் பார்சலாகப் பதிவுசெய்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அட்டைகளைப் படம் எடுத்துப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போடுவது உங்கள் விருப்பம். பெட்டியின் முகவரிப் பக்கம் மட்டும் அந்தப் படத்தில் விழக்கூடாது.