ஒகயாமா தோட்டமும் குரஷிகி வணிகர் தெருவும்: ஒரே நாளில் பார்ப்பது எப்படி

சிங்கப்பூரிலிருந்து டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் ஒசாக்கா போகிறவர்கள் இந்த இரண்டு ஊருக்கும் ஒரு நாளை ஒதுக்கலாம். காலையில் தோட்டம், மதியத்துக்குமேல் வணிகர் தெரு. வரிசையை மாற்றினால் தோட்டம் கைவிட்டுப் போகும். சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணிவாக்கில்தான் இருட்டும். அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். குளிர்காலத்தில் ஒகயாமாவின் கோரகுஎன் தோட்டத்தை மூடுவதும் ஐந்து மணிக்குத்தான். குரஷிகியிலோ கடைகளைப் பூட்டிய பிறகும் கால்வாய்க் கரையில் விளக்கொளியில் நடக்கலாம்.

ஷின்-ஒசாக்காவிலிருந்து நொசோமி அதிவேக ரயிலில் ஒகயாமாவுக்குச் சுமார் 45 நிமிடம். பெரிய பெட்டிகளை நிலைய லாக்கரில் போட்டுவிடுங்கள். பெரிய லாக்கர்கள்தான் முதலில் நிரம்பும். நிலையத்துக்கு முன்னால் ஹிகாஷியாமா டிராம் பிடித்து, ஷிரோஷித்தாவில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். கட்டணம் இறங்கும்போதுதான். காசு போடுவதானால் சில்லறையை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்; இக்கோகா என்ற பயண அட்டை இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை.

தோட்டத்தைக் கட்டத் தொடங்கியவர் ஒகயாமா பிரபு இக்கெடா சுனமாசா; 1687இல் ஆரம்பித்த வேலை 1700இல் முடிந்தது. பரப்பு சுமார் 13 ஹெக்டேர். நுழைந்ததும் குளத்தங்கரையில் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்யாமல் முதலில் யுய்ஷின்சான் என்ற சிறு குன்றில் ஏறுங்கள். குளம், புல்வெளி, வேலிக்கு அப்பால் நிற்கும் கோட்டை எல்லாம் ஒரே காட்சியாகச் சேரும். வெளியே இருப்பதையும் தோட்டத்தின் பகுதியாக்கிக் காட்டுவதுதான் அமைத்தவரின் சாமர்த்தியம். பிறகு ரியூத்தென் கொட்டகைக்குப் போங்கள். தரைக்கு நடுவே ஓடை ஓடுகிறது. அதில் ஆறு கற்கள். காலணியைக் கழற்றிவிட்டு உட்காரலாம்.

பாதையில் கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய சின்னக் கல் கிடந்தால் அது 'உள்ளே வராதே' என்று அர்த்தம். பலகை எதுவும் இருக்காது. பிள்ளைகள் அதை உதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் புல் காய்ந்து பழுப்பாகத்தான் இருக்கும். ஜூன் விடுமுறையில் பச்சை கிடைக்கும், ஆனால் அது மழைக்காலம்.

ஒகயாமாவிலிருந்து குரஷிகிக்குச் சாதாரண ரயிலில் 17 நிமிடம், பிறகு தெற்கே கால்மணி நேர நடை. 1642 முதல் ஷோகன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) அரசின் நேரடி ஆட்சியில் இருந்த ஊர் இது. அரிசியும் பஞ்சும் கால்வாய் வழியாகப் போயின. கிடங்குச் சுவர்களின் கீழ்ப்பகுதியைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கருஞ்சாம்பல் நிறச் சதுர ஓடுகள், இணைப்புகளின் மேல் விரல்போல உருண்டு தடித்த வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. மழையும் நெருப்பும் சுவரைத் தொடாமலிருக்கச் செய்த ஏற்பாடு. சிங்கப்பூர்த் தேக்கா கடைவீடுகளைப்போல வணிகர் வீடுகளும் உள்ளே நீண்டு போகும், ஆனால் ஐந்தடி (கடைக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை) கிடையாது. மழை வந்தால் ஒதுங்க இடமில்லை, குடை அவசியம்.

1796இல் கட்டிய ஓஹாஷி வீட்டுக்குள் காலணி ஆகாது. சிலிப்பரில் வருகிறவர்கள் பையில் காலுறை வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய்ப் படகுச் சவாரிக்கான சீட்டை அன்றன்றைக்குத்தான் விற்பார்கள். கூட்ட நாளில் சீக்கிரம் தீரும், அதனால் வந்ததும் முதல் வேலை அதுதான். 1930இல் திறந்த ஓஹாரா கலைக்கூடத்துக்குப் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே திங்களைத் தவிருங்கள்.

சைவர்கள் கவனிக்க: காய்கறி ஊடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்றாலும் குழம்பில் காய்ந்த மீன் சாறு இருக்கும். மதியச் சாப்பாட்டை ஒகயாமாவிலேயே விசாரித்து முடித்துக்கொள்வது நல்லது.