வாய்தாவுக்கான காரணத்தை எழுதி வையுங்கள்

"கோர்ட்டா, கவர்மென்ட்டா, பாலிசியா? எதுக்குப் போகலாம் மேடம்?" என்று கேட்டுக்கொண்டு மாதம் ஒரு ஜூனியர் வக்கீலாவது என்னிடம் வருகிறார். நான் மூன்றிலும் வேலை பார்த்தவள். தென்மாவட்டத்தில் ஏழு வருடம் கிரிமினல் பிராக்டிஸ், அப்புறம் உதவி அரசு வழக்கு நடத்துநர், அதாவது ஏ.பி.பி. அதை விட்ட பிறகு பாலிசி, அதாவது கொள்கை வேலை: மசோதாக்களைப் படித்துக் கருத்துரை எழுதிக் கொடுக்கிறேன். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டேன். விசாரணை நீதிமன்றத்தில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே பார்த்ததுதான் மற்ற இரண்டு இடத்திலும் எனக்குக் கை கொடுத்தது.

வக்கீலாகப் பதிவு செய்யும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார் கவுன்சில் பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பதிவான இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வை முடித்துவிடுங்கள். சீனியரைத் தேடும்போது அவர் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். ஜூனியரைக் கூண்டுச் சாட்சி முன் எழுந்து நிற்கவிடுகிறாரா என்று விசாரித்துப் போங்கள். என் சீனியர் மூன்றாவது மாதமே ஒரு சின்னத் திருட்டு வழக்கில் குறுக்கு விசாரணையை என்னிடம் கொடுத்தார். அவருக்கு இன்றைக்கும் நன்றியோடிருக்கிறேன்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். எல்லா வக்கீலும் டைரியில் அடுத்த வாய்தா தேதியைக் குறித்துக்கொள்வார்கள். நீங்கள் தேதிக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். நான் சிவப்பு மையில் ஒற்றை எழுத்தாகப் போடுவேன். சாட்சி வராவிட்டால் 'சா', ஆய்வக அறிக்கை வராவிட்டால் 'ஆ', புலனாய்வு அதிகாரி மாறுதலில் போய்விட்டிருந்தால் 'மா', வக்கீல் தயாராக இல்லாவிட்டால் 'வ'. நம் தரப்பு வாங்கிய வாய்தாவுக்கும் 'வ' போட்டாக வேண்டும். அதை மறைத்தால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும்.

இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் ஒரு சாட்சிதான். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த அம்மா. நாலு வாய்தாவுக்கு வந்தார், நாலு நாள் கூலி போயிற்று. ஐந்தாவது முறை வராந்தாவில் என்னைப் பார்த்து, "வக்கீலம்மா, இன்னைக்காவது கூப்பிடுவாகளா?" என்று கேட்டார். ஏன் கூப்பிடவில்லை என்று சொல்ல எனக்குப் பதில் தெரியவில்லை. முந்தைய நாலு தேதியில் எது தடையாக இருந்தது என்று நான் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே எழுத ஆரம்பித்தேன்.

பெயர்களை மட்டும் எழுதாதீர்கள். வழக்கு எண்ணும் தேவையில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கென்றால் குழந்தையை அடையாளம் காட்டும் ஒரு சொல்கூட உங்கள் நோட்டில் இருக்கக் கூடாது. காரணமும் தேதியும் போதும்.

அரசுப் பணிக்கு வருவோம். ஏ.பி.பி. பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு, குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து வருடம் தொழில் செய்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டுமே! உங்கள் பெயர் அச்சான தீர்ப்பு நகல்களை முதல் வருடத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கடைசி நேரத்தில் பழைய கட்டுகளைத் தேடி நகல் மனு போட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சிவில் நீதிபதி தேர்வு எழுத நினைக்கிறவர்களுக்கும் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்று வருடத் தொழில் அனுபவத்தை மறுபடி கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே எந்தப் பக்கம் போனாலும் கோர்ட் வராந்தா வழியாகத்தான். அரசு வழக்கறிஞர், பப்ளிக் பிராசிகியூட்டர் நியமனங்கள் வேறு வகை. அவை அரசு மாறினால் மாறக்கூடியவை, அதை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

ஏ.பி.பி. ஆனதும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் போலீசின் வக்கீல் இல்லை என்பது. குற்றப்பத்திரிகையில் ஓட்டை இருந்தால் தாக்கல் செய்வதற்கு முன்பே சொல்ல வேண்டும். சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. எனக்கும் அப்படி ஆனது, ஒரு முறை கடுமையாகவே. ஆனாலும் எழுத்தில் கொடுத்தேன். கோப்பில் ஏறிய கருத்தை யாரும் சொல்லவே இல்லை என்று சாதிக்க முடியாது.

அரசு அலுவலகம் எனக்குக் கற்றுக் கொடுத்தது கோப்பு மொழியை. வந்துபோகும் கடிதங்களுக்கு நடப்புக் கோப்பு ஒன்று, அவற்றின்மேல் அலுவலர்கள் எழுதும் கருத்துக்குக் குறிப்புக் கோப்பு ஒன்று. வாதாடிப் பழகிய நாம் பத்துப் பக்கம் எழுதுவோம். மேசையில் இருப்பவர் பார்ப்பதோ, என்ன பிரச்சினை, எந்த விதி, என்ன உத்தரவு வேண்டும், செலவு எந்தத் தலைப்பில் என்ற நாலு விஷயத்தை. அதை ஒரே பக்கத்தில் எழுதப் பழகுங்கள். கொள்கை வேலையில் பாதி இதுதான்.

அந்த வேலைக்கு வந்தபோது என் சிவப்பு எழுத்துகள் பேச ஆரம்பித்தன. 2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். அமலுக்கு வந்தது. அதன் 336-ஆவது பிரிவைப் படித்தபோது என் 'மா' குறிப்புகள்தான் கண்ணில் நின்றன. அறிக்கை தயாரித்த அதிகாரி மாறுதலில் போனாலோ ஓய்வு பெற்றாலோ, இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் வந்து அந்த ஆவணத்தைப் பற்றிச் சாட்சியம் சொல்லலாம் என்கிறது அது. மாறுதலான இன்ஸ்பெக்டருக்குச் சம்மன் துரத்திக்கொண்டே போன நாட்களை நினைத்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் எதிர்த் தரப்பில் ஏழு வருடம் நின்றவளுக்கு உடனே ஒரு கேள்வி வந்தது. சம்பவ இடத்தைப் பார்த்தவர் வேறொருவர், கூண்டில் நிற்பவர் வேறொருவர் என்றால், குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் யாரைக் குறுக்கு விசாரணை செய்வது? ஒரு பக்கம் மட்டும் நின்றிருந்தால் இந்தப் பிரிவின் பாதிதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

176-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவும் அப்படித்தான். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமென்றால் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு. போகட்டும், வரவேற்கிறேன். எடுத்து வந்த தடயத்தைப் பரிசோதிக்கும் மேசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் என் 'ஆ' குறிப்புகள் கேட்கின்றன.

மசோதாவைப் படிக்கும்போது செய்ய வேண்டியது இதுவே: ஒவ்வொரு பிரிவுக்கும் யார் செய்வார், செய்யாவிட்டால் யார் கேட்பார் என்று ஓரத்தில் எழுதுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-ஏ பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர்களுக்கு இருக்கை இருக்க வேண்டும் என்பதுதான் மொத்தமும். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களின் கால் வலி ஒரே பத்தியாகச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதைப் படித்த அன்று மனசு நிறைந்தது. மறுநாள் ஒரு கடைக்குப் போனபோது முதலில் நாற்காலியைத்தான் தேடினேன்.

முன்னோடி வேண்டுமென்றால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயரின் பாதையைப் பாருங்கள். தலசேரியில் வக்கீல், 1948-இல் சிறைவாசம், 1957-இல் கேரள அமைச்சர், பொறுப்பில் சட்டமும் சிறைத்துறையும். பிறகு சட்ட ஆணையம், 1973-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் கைதிக்கும் அடிப்படை உரிமை உண்டு என்று எழுதியவர், சிறையை உள்ளிருந்தும் அமைச்சர் மேசையிலிருந்தும் பார்த்தவர்.

முழுநேரச் சம்பளத்துக்கு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து வக்கீல் தொழிலை நிறுத்திவையுங்கள். இதில் அலட்சியம் கூடாது.

கருத்துரை அனுப்பும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி வரைவு மசோதாவைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். மாநில மசோதாக்களுக்கு அது பொருந்தாது. இங்கே துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்து, மசோதா வருவதற்கு முன்பே துறைச் செயலாளருக்கு எழுதுங்கள். 'இந்தப் பிரிவு மோசம்' என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரிவு எண், இப்போதுள்ள சொற்கள், அதற்குப் பதிலாக நீங்கள் முன்வைக்கும் சொற்கள், கீழே உங்கள் நோட்டிலிருந்து காரணக் கணக்கு. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால், பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, உங்கள் கடிதம் எந்தக் கோப்பில் ஏறியது, அதன்மேல் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று கேளுங்கள். அந்தக் குறிப்பின் நகல் கைக்கு வந்ததும் அடுத்த கடிதத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.