வாசிப்புப் புரிதல் ஆய்வு: தேர்வுத்தாளுக்கு முன் கோட்பாட்டு மாதிரியை (model) முடிவு செய்யுங்கள்

“பிள்ளைக்கு ஏன் புரியவில்லை?” என்பது உங்கள் கேள்வியானால், வாசிப்பு ஆய்வாளர்கள் கஃபும் டன்மரும் 1986இல் முன்வைத்த எளிய மாதிரியே போதும்: வாசிப்புப் புரிதல் = எழுத்தைச் சொல்லாக்கும் திறன் × கேட்டுப் புரியும் திறன். கூட்டல் அல்ல, பெருக்கல். 0 முதல் 1 வரையான அளவில் சொல்லாக்கம் 0.9, கேட்டுப் புரிதல் 0.4 என்றால், 0.9 × 0.4 = 0.36; கடகடவென வாசிக்கும் பிள்ளைக்கும் பொருள் பிடிபடாமல் போவது இப்படித்தான்.

சொல்லாக்கத்தை அளக்கப் பொருளற்ற புனைசொற்களைக் கொடுங்கள். பழகிய சொல்லை எழுத்துக் கூட்டாமலே சொல்லிவிடுவார்கள். கேட்கும் பத்தியும் வாசிக்கும் பத்தியும் ஒரே கடினத்தில் இருக்கட்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: கேட்டலுக்கு வெறும் சொல்வளத் தேர்வை வைத்துவிட்டு, மாதிரி பொருந்தவில்லை என்பார்கள்!

“வாசிக்கையில் மனதில் என்ன நடக்கிறது?” என்று கேட்டால் இந்த எளிய மாதிரி கைகொடுக்காது. உளவியலாளர் கின்ட்ஷின் 1988 மாதிரிக்குப் போங்கள். பத்தி சொல்வதை நினைவில் வைப்பது வேறு, முன்னறிவோடு சேர்த்து அந்தச் சூழலை மனதில் கட்டுவது வேறு என்கிறது அது. கோடிட்ட இடம் நிரப்பும் வினாவுக்குப் பெரும்பாலும் அதே வாக்கியத்திலேயே விடை கிடைத்துவிடும்; இரண்டு வாக்கியங்களை இணைத்தால்தான் விடை வரும் வினாக்கள் வேண்டும். பத்தியைக் காட்டாமல் சிலரிடம் வினாக்களை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வெறும் ஊகத்தில் கிடைப்பதைவிட அதிகமாகச் சரியான விடை வரும் வினாவை நீக்கிவிடுங்கள். அது அளப்பது முன்னறிவை.