சுல்தான் கதையைச் செக்ரோலில் ஏற்றும் முன்

போன வருடம் நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் நடந்த புதிர்ப்போட்டிக்குக் கேள்வி எழுதியது நான்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இது என் வருடாந்திர வேலை. வாழ்நாள் முழுக்கத் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுத்தராக, இருந்தவனுக்குக் கட்டம் போட்ட நோட்டும் பேனாவும் இல்லாமல் கை சும்மா இருக்காது. மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன், 1960இல் தொடங்கிய நிலக் கூட்டுறவு, நாலு திருக்குறள் என்று வழக்கமாக ஓட்டிவிடுவேன். அந்த முறை, பிள்ளைகள் துருக்கித் தொடர்கள் பார்க்கிறார்களே என்று, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த செய்தி ஒன்றிலிருந்து கேள்வி எடுத்தேன்: 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) கோட்டைச் சுவரில் முதலில் கொடி நட்ட வீரன் யார்? பதில், உலுபாத்லி ஹசன்.

இடைநிலைப்பள்ளியில் படிவம் ஐந்து படிக்கும் பையன் ஒருவன் எழுந்தான். "கிராணி ஐயா, அந்த ஆளு நெஜமாவே இருந்தாரான்னே தெரியாது. அவரப் பத்திச் சொல்ற புத்தகமே போலி."

மண்டபம் சிரித்தது. எனக்குக் கோபம். எதிர்க் குழுவுக்கு மதிப்பெண் போட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணில் பையனின் குழு கோப்பையை இழந்தது. பிறகு உட்கார்ந்து படித்தேன். அவன் சொன்னதுதான் சரி. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான், வரலாற்றுக் கதையைச் சரிபார்க்கக் கீழே உள்ள முறை. இரண்டாம் மெஹ்மெத், இங்கே மலாய் நண்பர்கள் அல்-ஃபாத்தே என்று சொல்லும் துருக்கிச் சுல்தான், அந்த நகரத்தைப் பிடித்தவர், அவரை வைத்தே காட்டுகிறேன். வேறு எந்த ராஜாவுக்கும் இதே முறைதான்.

முதலில், வந்த செய்தியை அப்படியே விழுங்காதீர்கள். மீன் ஆய்வதுபோலத் துண்டு போடுங்கள். எனக்கு வந்தது இது: "21 வயது சுல்தான், 4 லட்சம் வீரர்கள், 53 நாள் முற்றுகை, மலைமேல் இழுத்த 70 கப்பல்கள், கொடி நட்ட ஹசன்." ஒரே வாக்கியம்போல இருந்தாலும் இதில் ஐந்து சங்கதி இருக்கிறது. ஐந்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். வயது சரி: பிறந்தது 1432 மார்ச் 30, நகரம் விழுந்தது 1453 மே 29. நாள் கணக்கும் சரி: ஏப்ரல் 6இல் தொடங்கியது. முதல் நாளையும் சேர்த்தால் 54 வரும், விட்டால் 53. சம்பள நாளில் இந்த ஒரு நாளுக்காக எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன்! இது வரலாற்றுச் சண்டை இல்லை, தள்ளுங்கள். மிச்சம் மூன்றில்தான் வேலை இருக்கிறது.

அடுத்து, நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். எழுதியவர் யார், அன்றைக்கு எங்கே இருந்தார், எப்போது எழுதினார், யார் படிப்பதற்காக எழுதினார். இதுதான் முறையின் உயிர். அவசரப்படாதீர்கள், ஒரு தே தாரிக் ஆறிப்போகும் நேரம் கொடுங்கள்.

நிக்கோலோ பார்பரோ: வெனிஸ்காரர், கப்பல் வைத்தியர். முற்றுகையின்போது நகரத்துக்குள்ளேயே இருந்து நாள் குறிப்பு எழுதியவர். நல்ல சாட்சிதான், ஆனால் ஜெனோவாக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது; அவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் கொஞ்சம் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கிரிட்டோவுலோஸ்: இம்ப்ரோஸ் தீவுக் கிரேக்கர், போர்க்களத்தில் இல்லை. பிற்பாடு மெஹ்மெத்தின் கீழ் அந்தத் தீவை நிர்வகித்தவர், தம் வரலாற்றைச் சுல்தானுக்கே சமர்ப்பித்தவர். துரைக்கு அறிக்கை எழுதும் கிராணி துரையைத் திட்டி எழுதுவானா? துக்காஸ்: இவரும் கிரேக்கர், நகரத்தில் இல்லை; லெஸ்போஸ் தீவின் ஜெனோவா பிரபுக்களிடம் வேலை பார்த்தவர். துர்சுன் பேக்: சுல்தானின் சொந்த அலுவலர், ஆனால் எழுதியது மெஹ்மெத்தின் மகன் பாயேசித் காலத்தில். ஸ்ப்ரான்ட்செஸ்: கிரேக்கப் பேரரசரின் நெருங்கிய ஆள், நகரத்துக்குள் இருந்தார், பிடிபட்டார், பிறகு மீட்கப்பட்டார். இவரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

இப்போது தலை எண்ணிக்கை. தோட்டத்தில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் விடிகாலை நின்றவர்களுக்கு இது தெரியும். கங்காணி "நாப்பது பேரு வந்திருக்காங்க" என்பார். செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், டிக் போட்டுப் பார்த்தால் முப்பத்தாறு. கங்காணி பொய்யர் என்று அர்த்தமில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்தார், நான் பெயரைப் பார்த்தேன். சுல்தானின் படையைப் பார்பரோ 160,000 என்கிறார், சால்கோகொண்டிலிஸ் என்ற கிரேக்கர் 400,000 என்கிறார். புலனச் செய்தியின் 4 லட்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் 80,000 அல்லது அதற்கும் கீழே வைக்கிறார்கள். ஆனால் நகரத்தைக் காத்தவர்களின் எண்ணிக்கை வேறு வகை. பேரரசர் கேட்டுக்கொண்டபடி ஸ்ப்ரான்ட்செஸே கணக்கெடுத்தார்: கிரேக்கர் 4,773, வெளிநாட்டார் ஏறக்குறைய 200. வெளியே சொல்லாதே என்று பேரரசர் தடுத்துவிட்டாராம். வெளிநாட்டார் கணக்கு குறைவு என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. இருந்தாலும் அந்த 4,773 என்ற முழுமையாகாத எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு பாசம் வந்தது. அது செக்ரோல் எண்.

கப்பல்களுக்கு அதிக நேரம் வேண்டாம். ஏப்ரல் 22இல், நகரத்துக்கு எதிர்க்கரையில் இருந்த கலாத்தாவுக்குப் பின்புற மேட்டின் வழியாக, கொழுப்புத் தடவிய மரங்களின் மேல் இழுத்து, தங்கக் கொம்பு என்ற கடற்கழிக்குள் இறக்கினார்கள். பார்பரோ 72 என்கிறார், கிரிட்டோவுலோஸ் 67. எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்த இருவர் ஐந்து கப்பலில்தான் வேறுபடுகிறார்கள் என்றால், காரியம் நடந்ததில் சந்தேகமில்லை. கேள்வித்தாளில் "ஏறக்குறைய 70" என்று எழுதிவிட்டு நகருங்கள்.

ஹசனுக்கு வருவோம், நான் மானம் இழந்த இடம். ஸ்ப்ரான்ட்செஸ் பெயரில் இரண்டு நூல்கள் உண்டு. ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. ஒல்லியானது அவர் எழுதியது. முற்றுகையைச் சில வரிகளில் முடித்துவிடும். குண்டு நூலில் பேச்சுகள், அழுகைகள், வீரச் செயல்கள், எல்லாம் உண்டு. லொபாடியோன் (துருக்கியில் உலுபாத்) ஊர் ஹசன், ராட்சத உடம்பு, சுவரில் ஏறி விழுந்தவன், அவனும் அதில்தான் வருகிறான். அந்தக் குண்டு நூலைக் கட்டியவர் மக்காரியோஸ் மெலிசெனோஸ் என்ற கிரேக்கப் பேராயர், அதுவும் 16ஆம் நூற்றாண்டில், நகரம் விழுந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து. 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அன்று அங்கே இருந்த ஒருவர்கூட ஹசனைச் சொல்லவில்லை. துருக்கியர் கொண்டாடும் வீரனுக்கு ஆதாரம் ஒரு கிரேக்கப் பாதிரியார் ஊதிப் பெருக்கிய ஏடு! இதைப் படித்த இரவு எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோப்பை ஞாபகம் வந்தது. ஒரே ஆள் பெயரில் ஒல்லி ஏடும் குண்டு ஏடும் கிடைத்தால், ஒல்லியை முதலில் படியுங்கள்.

ஒற்றைச் சாட்சிக் கதைகளுக்கும் தனி அடையாளம் போடுங்கள். கெர்கோபோர்த்தா என்ற சின்னக் கதவைப் பூட்ட மறந்தார்கள், அந்த வழியாகத் துருக்கியர் நுழைந்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சொன்னவர் துக்காஸ் ஒருவர் மட்டும். அவரோ அங்கே இல்லை. பொய் என்று எழுதாதீர்கள், "துக்காஸ் சொல்கிறார்" என்று எழுதுங்கள். அப்புறம் ஒரே சாவுக்கு இரண்டு காரணம் வரும். நகரம் விழுந்த சில நாளில் லூக்காஸ் நொத்தாராஸ் என்ற பெரிய பிரபுவைச் சுல்தான் கொன்றார். இதில் சண்டை இல்லை. ஏன்? மகனை அனுப்ப மறுத்ததால் என்கிறார் துக்காஸ். பொறாமை கொண்டவர்கள் தூண்டியதால், பின்னால் சுல்தான் வருந்தினார் என்கிறார் கிரிட்டோவுலோஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, முன்னால் போட்ட நாலு கட்டத்தைப் பாருங்கள்.

சில கதைகளுக்கு வெறும் கழித்தல் கணக்குப் போதும். ஓவியர் ஜென்டிலே பெல்லினிக்கு வெட்டிய கழுத்து எப்படிச் சுருங்கும் என்று காட்ட, சுல்தான் ஓர் அடிமையின் தலையைச் சீவினாராம். பெல்லினி இஸ்தான்புல்லில் இருந்தது 1479, 1480 வாக்கில். கதையை எழுதிய ரிதோல்ஃபி அச்சில் போட்டது 1648இல். கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மெஹ்மெத்தின் தாய் செர்பிய இளவரசி மாரா பிரான்கோவிச் என்பது. மாராவின் கல்யாணம் மெஹ்மெத் பிறந்து சில வருடம் கழித்துத்தான் நடந்தது, அவர் மாற்றாந்தாய். பெற்ற தாய் பற்றிய அறக்கட்டளைப் பத்திரத்தில் "அப்துல்லாவின் மகள்" என்றுதான் இருக்கிறது. மதம் மாறியவர்களுக்குத் தந்தை பெயர்க் கட்டத்தில் போடும் வழக்கமான பெயர் அது. கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று எதையாவது நிரப்பும் எழுத்தர்களை நானும் அறிவேன். நானும் நிரப்பியிருக்கிறேன்.

விஷ விவகாரத்தில் மட்டும் கை நடுங்கட்டும். 1481 மே 3இல், 49 வயதில், கெப்சே பக்கம் படையோடு போகும்போது செத்தார். மகன் பாயேசித்தின் ஆட்கள் விஷம் வைத்தார்கள் என்று பாபிங்கர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் கருதினார். பலர் ஏற்கவில்லை, சுல்தானுக்கு வாத நோய் முற்றியிருந்தது. இதைக் கேள்வியாகவே போடாதீர்கள். போட்டியில் இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது.

பாட்டிக் கதைகளைக் குப்பையில் போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1948 ஜூன் 16இல் எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் துரைமார்களைச் சுட்டார்கள், நாட்டில் அவசரகாலம் வந்தது. என் பாட்டி கடைசிவரை "அஞ்சு தொரை" என்றுதான் சொல்வாள். பதிவில் மூன்று. ஆனால் அன்று காலை பால் வாளியைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடியதை அவள் சொல்லும்போது ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. எண்ணுக்குப் பதிவையும் ஓட்டத்துக்குப் பாட்டியையும் வைத்துக்கொள்கிறேன்.

கடைசி வேலை, கேள்வியை எழுதும் விதம். "கொடி நட்டவன் யார்?" என்று கேட்காமல், "மெலிசெனோஸின் நூலில் கோட்டைச் சுவரில் ஏறுபவனாக வருபவன் யார்?" என்று கேளுங்கள். நாக்கு கொஞ்சம் சுளுக்கும், ஆனால் யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள்.

இந்த வருடக் கேள்விகளை அந்தப் பையனிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். இருபதில் ஏழு கேள்விகளை அடித்துவிட்டான். அதில் ஒன்று திருக்குறள்.