பழைய மைப் பேனா வாங்கி விற்பவர்கள், பழுது பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மைப் பேனாக்களை வாங்கி, சரிசெய்து, விற்பது சின்ன முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழில். ஒரு மேசை, நல்ல விளக்கு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், கொஞ்சம் கருவிகள் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். ஆனால் கைக்கு வரும் சரக்கு 60, 80, 100 வருஷப் பழசு. அதற்கான உதிரி பாகத்தை இன்று பெரும்பாலும் யாரும் செய்வதில்லை; ஒடிந்தால் ஒடிந்ததுதான். அதனால் இந்தத் தொழிலின் தவறுகளை நான் இரண்டு வகையாகப் பார்க்கிறேன்: பிறகு திருத்திக்கொள்ளக்கூடியவை, எப்போதுமே திருத்த முடியாதவை. கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டாவது வகை.

முதல் தவறு பேனா கைக்கு வந்த அடுத்த நிமிஷமே நடக்கும். மை நிரப்ப உடலின் பக்கத்தில் லீவர் (சின்ன நெம்புகோல்) வைத்த பேனாவைப் பார்த்ததும் எல்லாருக்கும் அந்த லீவரைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும். தூக்கவே கூடாது. உள்ளே மை பிடித்து வைக்கும் ரப்பர் பை எப்போதோ காய்ந்து கல் மாதிரி ஆகியிருக்கும். அதை அழுத்தப் பார்க்கும் லீவர் தன் பிடியை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது பேனா உடலில் அது உட்காரும் பள்ளத்தின் ஓரம் விரிசல் விடும். நிப் பொருந்தியிருக்கும் கழுத்துப் பகுதியை இதமாகச் சூடுகாட்டிக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு அப்புறம்தான் லீவருக்கு வர வேண்டும். காய்ந்த பை செதில் செதிலாக உதிரும். உடலின் உட்சுவரில் ஒட்டியதை மெல்லிய கொக்கியால் சுரண்டி எடுக்கலாம். அந்தச் சமயத்தில் பையை அழுத்தும் ஜே வடிவ எஃகுத் தகடு துருப்பிடித்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அந்தச் சூடு விஷயத்தில்தான் அதிகப் பேனாக்கள் சாகின்றன. பேனா எந்தப் பொருளில் செய்தது என்று தெரியாமல் அதைச் சூட்டுக்கோ தண்ணீருக்கோ கொண்டுபோகக் கூடாது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டு அதன் மேற்பரப்பு ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கும். உள்ளே காய்ந்த மை கரையட்டும் என்று ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால், காலையில் கறுப்புப் பேனா பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் கிடக்கும். கேசீன் இன்னும் மோசம். பால் புரதத்திலிருந்து செய்த பொருள் அது. தண்ணீரை உறிஞ்சி வீங்கி, வடிவமே மாறிப்போகும். கான்வே ஸ்டூவர்ட் கம்பெனியின் பழைய வண்ணப் பேனாக்களில் கேசீன் நிறைய உண்டு. அந்தப் பெயரைப் பார்த்ததுமே தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவது நல்லது.

எபோனைட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து மோந்து பார்த்தால் கந்தக வாடை வரும். பழைய வகைப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டில் கற்பூர வாடை. இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது, செய்யாமல் விடக் காரணமும் கிடையாது. செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும். அதன் பக்கத்தில் மெழுகுவர்த்தி, லைட்டர் எதுவும் வரவே கூடாது. ஹேர் டிரையரின் காற்றில், பேனாவை நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே, சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் பெரும்பாலான கழுத்துகள் இளகிவிடும். அதற்கு மேல் 10, 15 டிகிரி போனாலே செல்லுலாய்டு வளையத் தொடங்கும். ஒரு தடவை சூடுகாட்டி வரவில்லையா, ஆறவிட்டு மறுபடி காட்டுங்கள். பத்து தடவை ஆனாலும் பரவாயில்லை. பலம் போட்டால் ஒரே தடவையில் உடையும்.

எந்தப் பக்கம் திருகுவது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பல லீவர் பேனாக்களில் கழுத்து வெறுமனே செருகியிருக்கும். பார்க்கர் வேக்குமேட்டிக், ஷீஃபர் டச்டவுன் போன்றவற்றில் மரை உண்டு. மரை உள்ளதை இழுப்பதும், செருகியதை முறுக்குவதும் உடலைப் பிளக்கும் வழிகள். மாடல் எது என்று உறுதி செய்யாமல் இடுக்கியை எடுக்காதீர்கள்.

வேதிப்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்பிரிட்டும் அசிட்டோனும் செல்லுலாய்டைக் கரைக்கும். ஸ்பிரிட் பட்ட அக்ரிலிக்கில் நுண்விரிசல் ஓடும். பெட்ரோலியம் ஜெல்லி ரப்பரைக் கெடுக்கும், அதனால் மசகுக்குத் தூய சிலிக்கான் கிரீஸ்தான். உடனடிப் பசையை மேசையிலேயே வைக்காதீர்கள். ரப்பர் பையைக் கழுத்தில் ஒட்ட ஷெல்லாக்கைவிட (அரக்குப் பசை) நல்ல பொருள் கிடையாது. அது கசிவில்லாமல் பிடித்துக்கொள்ளும், இன்னும் இருபது வருஷம் கழித்து வேறொருவர் சூடுகாட்டினால் விட்டும் கொடுக்கும். உடனடிப் பசை போட்டு ஒட்டிய பேனாவை அடுத்தவர் உடைத்துத்தான் திறக்க முடியும்.

பையின் அளவிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். பை எண் என்பது ஒரு அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கு. 16ஆம் எண் பையின் விட்டம் கால் அங்குலம். அதிகம் மை பிடிக்கட்டும் என்று பருமனான பையைத் திணித்தால் அது உட்சுவரிலும் தகட்டிலும் உரசி, லீவர் சரியாக அழுத்தாமல் போகும். மை குறைவாகத்தான் ஏறும். உள்ளே தாராளமாக அசையும் அளவே சரி. இன்னொன்று, லேடெக்ஸ் (ரப்பர்) பையிலிருந்து கசியும் கந்தக வாயு வெளிர் நிறச் செல்லுலாய்டைப் பழுப்பாக்கும். முத்து வெள்ளை, வெளிர்பச்சை மாதிரியான பேனாக்களுக்கு சிலிக்கான் பை போடுவது பாதுகாப்பு. மாற்றத் தேவையில்லாததை மாற்றுவதும் தவறுதான். 1948இல் பார்க்கர் 51க்கு வந்த ஏரோமெட்ரிக் (விரலால் அழுத்தி மை நிரப்பும்) முறையில் இருக்கும் பை இன்றைக்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதற்குத் தேவை பொறுமையான அலசல் மட்டுமே.

இனி நிப். ஒரு பேனாவின் விலையில் பெரும்பங்கு அந்த நுனியில் இருக்கிறது. எழுதும்போது கீறுகிறது என்றால் உடனே தேய்ப்புத் தாளை எடுப்பவர்கள் பலர். முதலில் லென்ஸில் நிப்பை நேர் எதிராகப் பாருங்கள். நடுப்பிளவின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு பற்களில் ஒன்று முடி அளவு உயர்ந்து நிற்கும். அந்த உயர்ந்த பல்லின் விளிம்புதான் காகிதத்தைக் கீறுகிறது. நகத்தால் அதை மெல்ல அழுத்தி, விட்டு, மறுபடி பாருங்கள். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் கீறல் பெரும்பாலும் போய்விடும். தேய்க்க வேண்டிய அவசியமே வராது. அப்படியும் கீறினால் மிக நுண்ணிய தாளில், அழுத்தாமல், 8 என்ற வடிவத்தை இரண்டு மூன்று தடவை மட்டும் எழுதி, உடனே லென்ஸில் பார்த்து, மையிட்டு எழுதிப் பார்த்து, அதன்பிறகே அடுத்த தேய்ப்பு. தங்க நிப்பின் நுனியில் இருக்கும் கெட்டியான உலோக மணி கொஞ்சம்தான் இருக்கிறது. தேய்ந்துபோனால் புதிதாக வைத்துத் தருபவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர், கூலியும் அதிகம். மின்சாரச் சாணையில் நிப்பை வைப்பதைக் கேள்விப்பட்டாலே எனக்கு வயிறு கலங்கும்.

விற்பனைக்காக நிப்பை அழுத்தி விரித்துக் காட்டும் பழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. கொஞ்சம் மென்மையாக இருக்கும் நிப்பையெல்லாம் ஃப்ளெக்ஸ் நிப் (அழுத்தினால் விரிந்து கோட்டை அகலமாக்கும் நிப்) என்று விளம்பரம் செய்வது, நிரூபிக்க நிப்பை அகலமாக விரித்துப் படம் எடுப்பது. வாங்கியவர் அதை நம்பி அதே அளவு அழுத்துவார், பற்கள் திரும்பாமல் விரிந்தே நின்றுவிடும். மென்மையாக எழுதும் என்று மட்டும் எழுதினால் போதும்.

பாலிஷ் செய்வதில் கை தாராளமாகிவிடுகிறது, கண்ணுக்கு உடனே பலன் தெரிவதால். ஆனால் உடலில் பொறித்த கம்பெனி எழுத்துகளும் எபோனைட்டில் வெட்டிய கோடுகளும் மிக மெல்லியவை. சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அவை கூர்மையாக இருக்கின்றனவா என்றுதான். கிளிப்பிலும் வளையத்திலும் தங்கப் பூச்சு மெல்லியது. இரண்டு தடவை தேய்த்தால் அடியில் இருக்கும் பித்தளை தெரிந்துவிடும். பளபளப்புக்கும் அசல் தன்மைக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எப்போதும் அசலின் பக்கம்தான். நிறம் மங்கிய எபோனைட்டை மறுபடி கறுப்பாக்கியிருந்தால் அதை விற்பனைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். பார்க்கர் 21ஐ 51 என்று நினைத்து வாங்குவது சாதாரணமாக நடக்கிறது. இரண்டிலும் நிப் மூடியபடி, நுனி மட்டும் தெரியும். 51 அக்ரிலிக் உடலும் பெரும்பாலும் தங்க நிப்பும் கொண்டது. 21 விலை குறைந்த மாடல், நிப் தங்கம் அல்ல, பிளாஸ்டிக்கும் எளிதில் விரிசல் விடும். மூடியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவோம், ஏனென்றால் மூடியை மாற்றிப் போடுவது ரொம்ப எளிது. இப்படிப் பல பேனாக்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவை சந்தையில் ஏராளம். வாட்டர்மேன் 52 என்றால் 5 லீவர் முறையையும், கடைசி இலக்கமான 2 நிப்பின் அளவையும் குறிக்கும். அதில் வேறு எண் போட்ட நிப் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய நிப் நன்றாக எழுதலாம், அதை விற்பதிலும் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு.

விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்கிற விலை ஆசை, விற்ற விலைதான் சந்தை. ஒரே மாடல் மாதக்கணக்கில் அதே விலையில் விற்காமல் கிடந்தால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். மொத்தமாக ஒரு பெட்டி பேனா கிடைக்கிறதே என்று வாங்கும்போதும் நிதானம் வேண்டும். அதில் நாலு நல்லது இருக்கும், மீதி உதிரிக்கு. நாலின் விலையில் பெட்டியின் விலை அடங்கினால் மட்டும் வாங்குங்கள். மீதியைத் தூக்கிப் போடாமல் கம்பெனி வாரியாகப் பிரித்து வையுங்கள். என்றைக்காவது ஒரு கிளிப்புக்காக அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டி வரும்.

கூலி கணக்கிடுவதில் பலர் தங்கள் நேரத்தைச் சேர்ப்பதே இல்லை. 1952இல் வந்த ஷீஃபர் ஸ்நோர்க்கலை எடுத்துக்கொள்ளுங்கள். நிப்புக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வெளியே நீண்டு மையை உறிஞ்சும் அழகான ஏற்பாடு. அதில் பையை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. பின்னால் இருக்கும் ரப்பர் வளையமும், முன்னால் குழாய் வரும் இடத்தில் இருக்கும் ரப்பர் அடைப்பும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் பேனா திரும்பி வரும், இரண்டாம் தடவை வேலையை இலவசமாகச் செய்ய நேரும். பிரித்து, அலசி, மாற்றி, ஷெல்லாக் காய விட்டு, மையிட்டு, ஒரு ராத்திரி வைத்து மறுநாள் எழுதிப் பார்க்கும் வரை ஆகும் நேரம் முழுவதும் கூலியில் வர வேண்டும். சோதனைக்கு எளிதில் கழுவிப்போகும் நீல மை போதும். மினுமினுப்புத் துகள் கலந்த மையை அடுத்தவர் பேனாவில் ஊற்றாதீர்கள்.

வாடிக்கையாளர் பேனாவை வாங்கி வைக்கும்போது அவர் எதிரிலேயே படம் எடுங்கள்: நிப் நுனி, மூடியின் விளிம்பு, பொறித்த எழுத்து, கிளிப். மூடி விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் விளக்கில் பிடித்து அவருக்கே காட்டி, எழுதி, ஒப்புதல் வாங்குங்கள். எண்பது வருஷப் பொருள் பிரிக்கும்போது உடையக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உடைந்த பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும். ஒரு பேனாவுக்கு ஒரு தட்டு. ஒரே மாடலில் இரண்டு வந்தால் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். பாகங்கள் கலந்துவிட்டால் யாருடைய நிப் யாருக்குப் போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

உடலில் பெயர் பொறித்திருந்தால் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். விற்பனையில் அந்தப் பெயர் விலையைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் தாத்தாவின் பேனாவோடு வந்திருப்பவருக்கு அந்தப் பெயர்தான் பேனா. மூடியில் இருக்கும் பல் தடமும் அப்படியே. வேண்டாம் என்று அவரே சொன்னால் மட்டும் நீக்குங்கள்.

அனுப்பும்போது மையை முழுக்க வடித்து, உலர்த்தி, வளையாத கெட்டிக் குழாயில் வைத்து அனுப்ப வேண்டும். வெறும் உறையில் போன பேனா வந்து சேரும் நிலைமையை விவரிக்கத் தேவையில்லை.

முடியாத வேலையை மறுப்பதற்கும் தயங்க வேண்டாம். செல்லுலாய்டு உள்ளிருந்து சிதைந்து வலைபோல் விரிசல் ஓடத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்த வழியில்லை. முயன்று பார்க்கிறேன் என்று வாங்கி மாதக்கணக்கில் அலமாரியில் போடுவதைவிட, காரணத்தை நாலு வரியில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பேனாவை மற்றவற்றிலிருந்து தனியாக, காற்றோட்டமாக வைக்கச் சொல்லுங்கள். மூடிய டப்பாவில் அதன் வாயு பக்கத்துப் பேனாக்களையும் கெடுக்கும். நீங்கள் கழற்றிய பழைய தகடு, திருகு, வளையம் எதுவானாலும் சின்னப் பொட்டலத்தில் போட்டு, மேலே என்னவென்று எழுதி, பேனாவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.