குவாசுலு-நடாலில் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்குமுன்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் தனியார் பள்ளி தேடும் பெற்றோர் முதலில் விசாரிப்பது மாதக் கட்டணத்தை. அதற்கு முன் பள்ளியின் பதிவை விசாரியுங்கள். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிச் சட்டப்படி எந்தத் தனியார் பள்ளியும் மாகாணக் கல்வித் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழையும் எமிஸ் எண்ணையும் (கல்வித் துறை பள்ளிக்குத் தரும் அடையாள எண்) கேட்டு வாங்கி, துறையிடம் சரிபாருங்கள். பள்ளித் தரத்தைக் கண்காணிக்கும் தேசிய அமைப்பான உமலூசியின் அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள். பதிவில்லாத பள்ளி மெட்ரிக் (கிரேடு 12 இறுதி) தேர்வு மையமாக முடியாது. கடைசி ஆண்டில் பிள்ளை நடுவழியில் நிற்கும்.

அடுத்து கட்டணம். மாதம் 4,500 ரேண்ட் என்பார்கள். பத்து மாதமா, பன்னிரண்டு மாதமா? பன்னிரண்டு என்றால் ஆண்டுக்கு 54,000. அதற்கு மேல் விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைத் தொகை (பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது), சீருடை, புத்தகம், டேப்லெட், வேன், பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் கட்டணம் எல்லாம் சேரும். ஐ.இ.பி. என்னும் தனியார் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதவைக்கும் பள்ளியில் கிரேடு 12-க்குத் தேர்வுக் கட்டணம் தனியாக வருமா என்று கேளுங்கள். அரசுத் தேர்வானாலும் ஐ.இ.பி. ஆனாலும் கையில் கிடைப்பது அதே தேசிய சீனியர் சான்றிதழ்தான். பல்கலைக்கழகத்துக்கு இரண்டும் செல்லும். ஐ.இ.பி.க்காக மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

பலருக்குத் தெரியாமல் போகும் செய்தி இது: கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியில் விலக்கு கேட்கலாம். ஆண்டுக் கட்டணம், பெற்றோர் இருவரின் வரிக்கு முந்தைய ஆண்டு வருமானத்தில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் இல்லை. இடையில் பகுதி விலக்கு. கட்டணம் 28,000, வருமானம் 2,50,000 என்றால் 11.2 சதவீதம். ஒரு ரேண்டும் கட்ட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி நிர்வாகக் குழு மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். தனியார் பள்ளியில் இந்த உரிமை கிடையாது. ஆனால் கட்டணம் குறைவான, லாபநோக்கில்லாத தனியார் பள்ளிகளுக்கு மாகாணம் மானியம் தருகிறது, அப்படிப்பட்டதையும் தேடுங்கள்.

பிள்ளை தமிழ் படிக்க வேண்டுமா? இரண்டாம் கூடுதல் மொழியாக மெட்ரிக்கில் எழுத முடியும். ஆசிரியர் இருக்கிறாரா என்பதைக் கிரேடு 10-க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே உறுதிசெய்யுங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

கிரேடு 1-க்கு அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் 6 வயது நிறைய வேண்டும். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பெற்றோர் அடையாள அட்டைகள், வீட்டு முகவரிச் சான்று, சம்பளச் சீட்டுகள், கடைசி ரிப்போர்ட், மாற்றுச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பழைய பள்ளியில் பாக்கியில்லை என்ற கடிதத்தையும் பல தனியார் பள்ளிகள் கேட்கும். விண்ணப்பம் தேங்குவது இங்கேதான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இரண்டு வரிகளைப் படியுங்கள். ஒன்று, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது. ஒரு முழுப் பருவம் என்றிருந்தால், திடீரென மாற்றினாலும் அந்தப் பருவக் கட்டணத்தைக் கேட்பார்கள். இன்னொன்று, காரணம் சொல்லாமல் பள்ளியே நீக்கலாம் என்ற வரி. 2020-இல் பிரிட்வின் பள்ளி வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், பிள்ளையின் நலன் குறித்துப் பெற்றோரின் பேச்சைக் கேட்காமல் அப்படி நீக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த வரியைக் காட்டி யாராவது மிரட்டினால், விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.