ராணுவத் திரைகளில் நிறம்: எங்கே சறுக்குகிறது?

நீலம் நம்மவர், சிவப்பு எதிரி, பச்சை நடுநிலை, மஞ்சள் யாரென்று தெரியாதவர். நேட்டோ நாடுகளின் ராணுவ வரைபடத் திரைகளில் இதுதான் வழக்கம். பார்த்ததும் புரிகிறதே, நிறம் மட்டும் போதாதா என்று திரையை வடிவமைப்பவர் நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. விமானிகளை நிறப்பார்வைச் சோதனை வைத்துத்தான் எடுக்கிறார்கள், சரி. ஆனால் திரை முன்னால் உட்காருபவர்கள் எல்லாரும் விமானிகளா என்ன? வெயில் நேராக அடித்தால் நல்ல கண்ணுக்கே நிறம் வெளிறிப்போகும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் நேட்டோவின் ஏபிபி-6 குறியீட்டு முறையில் வடிவமும் சேர்ந்தே வருகிறது. தரைப்படைப் பிரிவு நம்முடையதானால் செவ்வகம், எதிரியுடையதானால் முனையில் நிற்கும் சதுரம், நடுநிலைக்குச் சாதாரணச் சதுரம், தெரியாததற்கு நான்கிதழ்ப் பூ. நிறம் போனாலும் ஆள் அடையாளம் போகாது.

ஒரே சிவப்புக்கு இரண்டு வேலை கொடுப்பதும் உண்டு. எதிரிக்கும் சிவப்பு, அபாய எச்சரிக்கைக்கும் சிவப்பு. எரிபொருள் தீர்ந்த நம் டாங்கியைச் சிவப்பாக்கினால், அவசரத்தில் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

இருட்டில் சிவப்பு இன்னும் மோசம். இருளுக்குப் பழகிய கண் கெடாதிருக்க, நீர்மூழ்கிகளில் சிவப்பு விளக்கு எரிப்பது பழைய வழக்கம். அந்த ஒளியில் வெள்ளைத் தாளும் அதன்மேல் போட்ட சிவப்புக் கோடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். இரவுப் பார்வைக் கருவி அணிந்தவருக்கோ நேர்மாறான தொல்லை: அது சிவப்பையும் அகச்சிவப்பையும் பெருக்கிக் காட்டுவதால், காக்பிட்டில் சாதாரணச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தாலே கண்ணெதிரே எல்லாம் ஒளி வெள்ளமாகிவிடும்.

கறுப்புப் பின்னணியில் கருநீலப் பொடி எழுத்தும் வேண்டாம். விழித்திரையின் நட்டநடுவில் நீலத்தை உணரும் செல்களே கிடையாது.

இந்த நிறங்கள் எல்லா ராணுவத்துக்கும் பொது என்று நினைப்பது கடைசித் தவறு. சோவியத் வரைபடங்களில் சொந்தப் படை சிவப்பு, எதிரி நீலம். அந்தச் சோவியத் முறையில் பயின்ற போலந்து அதிகாரிகள் 1999-இல் நேட்டோவுக்குள் வந்தபோது, பழைய வரைபடத்தில் தங்கள் படைக்கு இருந்த நிறம் புதிய திரையில் எதிரியின் நிறம்.